புல்தரை போய் ஆவாரை வந்தது

பெங்களூர் அல்சூரில் ஓர் அம்மா. ஒரு குடியிருப்பில் தோட்ட வேலை செய்கிறார். குடியிருப்பின் முன்னால் ஒரு புல்தரை. அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். பின்னால் சுவர் ஓரம் இன்னொரு புல்தரை. அங்கே யாரும் போவதில்லை. ஆனாலும் அதற்கும் தண்ணீர் விட வேண்டும். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வருகிறது. அந்தத் தண்ணீர் யாரும் மிதிக்காத புல்லுக்கும் போனது.

ஒரு கோடையில் தண்ணீர் பற்றவில்லை. பின்பக்கப் புல் காய்ந்தது. மழை வந்ததும் வேறொரு செடி முளைத்தது. இலை கேரட் இலை போல இருந்தது. பூ சின்னதாய், வெள்ளையாய் இருந்தது.

அந்த அம்மா வெறும் கையால் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. சில மாதத்தில் கையில் அரிப்பு வந்தது. கழுத்தில் தடிப்பு வந்தது. இரவில் தூக்கம் இல்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"என்ன வேலைம்மா செய்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"களை பிடுங்கறேன் சார்."

"வெள்ளைப் பூ பூக்கிற செடியா?"

"ஆமாங்க."

"அதுதாம்மா காரணம். அது பார்த்தீனியம். இனிமேல் வெறும் கையால் தொடாதீங்க."

பார்த்தீனியம் நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955-இல் புனே நகரில் அதைக் கண்டார்கள். வெளிநாட்டுக் கோதுமையோடு விதை வந்தது என்று சொல்வார்கள். கர்நாடகத்தில் இதைக் காங்கிரஸ் செடி என்பார்கள். ஒரு செடி பத்தாயிரம் விதைக்கு மேல் கூடப் போடும். சிலருக்குத் தொட்டால் தோல் நோய் வரும். பூந்தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு மூச்சுத் திணறல் வரும். மாடு தின்றால் பால் கசக்கும்.

இதை அழிக்க ஒரு வண்டு உண்டு. மெக்சிகோ நாட்டு வண்டு. 1984-இல் முதலில் பெங்களூரில்தான் அதை விட்டார்கள். மழைக் காலத்தில் வண்டு இந்தச் செடியின் இலையைத் தின்னும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்விடும். அதனால் வண்டு மட்டும் போதாது.

அந்த அம்மாவின் தெருவில் தர்மபுரிப் பக்கத்துத் தாத்தா ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்:

"வெறும் மண்ணை விட்டால் அது வரத்தான் செய்யும் தாயி. இடத்தை நம்ம ஊர்ச் செடிக்குக் கொடு. தகரை விதை போடு."

தகரை தெரியுமா? மஞ்சள் பூ. ஊசி போல நீளக் காய். மழைக்கு நெருக்கமாக முளைக்கும். இலை விரிந்து தரையை மூடும். கீழே வெயில் படாது. பார்த்தீனியத்துக்கு இடம் இருக்காது. விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்துத் தூவினால் சீக்கிரம் முளைக்கும்.

அந்த அம்மா கையுறை போட்டுக்கொண்டார். ஈர மண்ணில், பூக்கும் முன்பே, பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கினார். தகரை விதையைத் தூவினார். செடி இடுப்பு உயரம் வளர்ந்தது.

குடியிருப்புச் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. "காடு மாதிரி இருக்கு. பாம்பு வரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நடைபாதையை ஒட்டி இரண்டடிக்குச் செடியை வெட்டினார்கள். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மழைக் காலம் முடிந்தது. தகரை காய்ந்தது. அந்த இடத்தில் மறுபடியும் வெள்ளைப் பூ! அந்த அம்மாவுக்கு அழுகையே வந்தது.

"தகரை ஒரு பருவச் செடி. ஆவாரை பல வருஷம் நிற்கும். அதையும் சேர்த்து வை" என்றார் தாத்தா.

ஆவாரை வறண்ட மண்ணிலும் வளரும். வேர் பிடித்த பிறகு அதிகத் தண்ணீர் கேட்காது. அடுத்த மழைக்கு நாற்று நட்டார்கள். நடுவே தகரையும் கொழுஞ்சியும் தூவினார்கள். முன்பக்கப் புல்தரையைத் தொடவில்லை. பிள்ளைகள் விளையாட அது வேண்டுமே.

இரண்டு வருஷம் ஆனது. பார்த்தீனியம் முழுதும் போகவில்லை. சுவர் மூலையில் அங்கொன்றும் இங்கொன்றும் வருகிறது. முன்பு தினமும் இரண்டு மணி நேரம் பிடுங்கினார். இப்போது வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். கையுறை மட்டும் எப்போதும் உண்டு.

போகிப் பண்டிகை வந்தது. காப்புக் கட்ட அந்த அம்மா பூ வாங்கச் சந்தைக்குப் போகவில்லை. சுவர் ஓரத்தில் மஞ்சளாகப் பூத்திருந்த ஆவாரையை ஒடித்தார். செயலாளர் வீட்டுக்கும் ஒரு கொத்துக் கொடுத்தார்.