எந்தப் பக்கவிளைவு, தம்பி?



புழலில் உன் கிளினிக்குக்கு வருபவர்களிடம் கொடுக்கும் புராஸ்டேட் வீக்கம் பற்றிய துண்டுப் பிரசுரத்தைப் படித்தேன். நோய் விளக்கத்தில் குறையில்லை. ‘சிலருக்குச் சிறு பக்கவிளைவுகள் வரலாம், பயப்பட வேண்டாம்’ என்ற வரிதான் எனக்குக் கோபமூட்டியது.

எது சிறியது? டாம்சுலோசின் போடுபவருக்கு விந்து குறையலாம், வெளிவராமலே போகலாம். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஆண்மையே போய்விட்டதென்று மனைவியிடமும் சொல்லாமல் உன்னிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். பிறகு ஒருநாள் ஒண்ணுக்கு அடைத்து, அடிவயிறு கல்லாக இறுகி, நள்ளிரவில் ஆட்டோவில் வந்து இறங்குவார். கூச்சப்படாமல் எழுது.

தொழிலையும் கேள். இதை நான் ஓயாமல் சொல்வேன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்கள் ஒண்ணுக்கை மணிக்கணக்கில் அடக்குவார்கள். இந்த மாத்திரை போட்ட அப்படி ஒருவர் கேபினிலிருந்து இறங்கும்போது பிரஷர் இறங்கித் தலைசுற்றி, கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இதற்குக் கொடுத்த பிரசோசினில் முதல் மாத்திரையே ஆளைச் சாய்த்துவிடும். படுக்கப் போகும்போது போடு என்று திரும்பத் திரும்பச் சொல்வோம். இப்போதைய மருந்துகள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் கவனம் வேண்டும்.

இரண்டு வகை மருந்தையும் ஒரே பத்தியில் அடைத்திருக்கிறாய். டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே பலன் தெரியும். பினாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்கும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், ஆசையும் குறையலாம். 2003-இல் வெளியான ஆய்வில் 3,047 பேரைக் கவனித்தார்கள். நோய் முற்றுவதை டாம்சுலோசின் வகையைச் சேர்ந்த டாக்சசோசின் 39 சதவீதமும், பினாஸ்டெரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. அதற்காக எல்லோருக்கும் இரண்டையும் எழுதிவிடாதே. சுரப்பி சிறிதாக இருப்பவருக்கு இரண்டாவது மருந்தால் லாபம் சொற்பம், தொல்லை மட்டும் கூடும். பினாஸ்டெரைடு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாக்கிவிடும், ரிப்போர்ட்டில் 3 என்றால் 6 என்று படி. இல்லாவிட்டால் புற்றுநோய் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

‘ராத்திரி எழுந்திருப்பது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறாயே, அந்த ஒரு கேள்விக்காக உன்னைக் கட்டியணைக்க வேண்டும் போலிருக்கிறது. பெரிய பெரிய டாக்டர்களுக்கே அது தோன்றுவதில்லை. தொந்தரவில்லை என்பவருக்கு, வேறு சிக்கலும் இல்லையென்றால், மாத்திரையே வேண்டாம். ராத்திரி டீயைக் குறைக்கச் சொல், ஒண்ணுக்கை அடைக்கக்கூடிய சளி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாமென்று சொல்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். டாம்சுலோசின் போடுபவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் அந்த மருந்தின் பெயரைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கத்தி வைக்கும்போது கருவிழி தொளதொளவென்று ஆகிவிடலாம். முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அன்புடன்,
உன் மூத்த டாக்டர்