ஹெரால்டுக்கு ரப்பர் எங்கே?

கேள்வி: பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கண்ணாடி பீடிங், என்ஜின் மவுண்டிங் எல்லாம் வெடித்துவிட்டன. குலசேகரம் ரப்பர் பாலிலேயே செய்ய முடியாதா? (வாசகர், தக்கலை)

பதில்: பாதி முடியும். இயற்கை ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் கெட்டி. என்ஜின் மவுண்டிங்குக்கு அதுவே பொருத்தம். பாலை உறையவைத்து ஷீட்டாக்கி, கந்தகமும் கரித்தூளும் சேர்த்து, இரும்பு அச்சில் சுமார் 150 டிகிரியில் அழுத்தி வேகவைக்க வேண்டும். பழைய இரும்புத் தகட்டைச் சுத்தம் செய்து அதன்மேலேயே ஒட்டவும் செய்யலாம். ஆறும்போது ரப்பர் சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுவார்கள்.

பீடிங் கதை வேறு. வெயிலும் ஓசோனும் இயற்கை ரப்பரை வெடிக்க வைக்கும்; ரப்பர் விளையும் ஊரென்று அவை பார்ப்பதில்லை! அதற்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வேண்டும். எண்ணெய், பெட்ரோல் படும் இடத்துக்கு நைட்ரைல்.

பழைய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு சிதைந்திருந்தாலும் குறுக்கு வெட்டின் அளவு அதில்தான் இருக்கிறது.

சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. அங்கே அதன் ரப்பர் பாகங்கள் இன்றும் புதிதாக விற்பனையாகின்றன. அச்சுச் செலவுக்கு முன் அந்த விலையை விசாரியுங்கள். இந்தியாவுக்கென்றே வந்த நான்கு கதவு மாடல் என்றால் கதவு பீடிங் அளவு ஒத்துவராது.

பிரேக் சிலிண்டர் வாஷரை மட்டும் பட்டறையில் வார்க்கச் சொல்லாதீர்கள். அளவு சொல்லி, பிரேக் ஆயிலுக்கென்றே தயாரானதை வாங்கிப் போடுங்கள்.