முதிய பூனைகளுக்குக் காணும் மூத்திரப்பிண்ட நோய்

நெற்குதிரும் பத்தாயமும் உள்ள இல்லங்களில் எலிகளால் விளையும் சேதத்தைக் குறைத்து வருவது பூனை. மாட்டிற்கு நோய் கண்டால் உடனே வைத்தியம் தேடும் குடியானவர்கள், பூனை மெலிந்தால் வயதாகிவிட்டதென்று வாளா இருந்துவிடுகின்றனர். 10 வயதைக் கடந்த பூனைகள் மெலிவதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று மூத்திரப்பிண்டங்கள் நாட்படக் கெடுதலாகும். இதனை முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் தக்க பராமரிப்பினால் பூனை மாதக்கணக்காகவும், சில சமயம் ஆண்டுக்கணக்காகவும் சுகமாக வாழக்கூடும்.

நோயின் தன்மை

பூனையின் ஒவ்வொரு மூத்திரப்பிண்டத்திலும் ஏறக்குறைய 2 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. அழிந்தவை மீண்டும் உண்டாவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழியும் வரையில் எஞ்சியவையே வேலையை நடத்தி வருவதால் நோய் வெளியே தெரிவதில்லை. அதன்பின் சிறுநீரைச் சுண்டச் செய்யும் சக்தி குன்றுகிறது. சிறுநீர் மிகுதியாக வெளியேறுகிறது. அந்த நஷ்டத்தை ஈடு செய்யவே பூனை அடிக்கடி ஜலம் பருகுகிறது.

இதனை அறியாத சிலர், பூனை வீட்டை அசுத்தம் செய்கிறதென்று ஜலப் பாத்திரத்தை அகற்றி விடுகின்றனர். இது பெருந்தீங்கு. ஜலம் நிறுத்தப்பட்டாலும் சிறுநீர் போவது நிற்பதில்லை; உடல் வறண்டு, இரத்தத்தில் கழிவுகள் தேங்கி, பூனை விரைவில் மாண்டுபோகக் கூடும்.

குறிகள்

மிகுந்த தாகம், மெலிவு, பசியின்மை, வாந்தி, வாய் நாற்றம், ரோமம் பொலிவிழத்தல் ஆகியவை குறிகள். பாத்திரத்தில் ஜலத்தை அளந்து ஊற்றி, மறுநாள் எஞ்சியதை அளந்து பார்க்கலாம். 4 கிலோ எடையுள்ள பூனை நாளொன்றுக்கு 200 மில்லிக்கு மேல் பருகுமாயின் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவிலும் இக்குறிகள் காணுமாதலால், கால்நடை மருத்துவரிடம் இரத்தமும் சிறுநீரும் சோதித்து நிச்சயம் செய்துகொள்வது அவசியம்.

பராமரிப்பு முறை

1. சுத்த ஜலத்தை வாயகன்ற பாத்திரங்களில் இரண்டு மூன்று இடங்களில் எப்பொழுதும் வைத்தல் வேண்டும்.

2. எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியோ மீனோ, வெந்த நீருடன் பிசைந்து, வெதுவெதுப்பாகச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுக்கலாம். பாஸ்பரஸ் மிகுந்த எலும்பு, ஈரல், பால் ஆகியவற்றையும், உப்பு மிகுந்த கருவாட்டையும் விலக்குக. இந்நோய்க்கெனச் செய்யப்பட்ட தீவனம் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. அதனைச் சில வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஆனால் பட்டினி போடலாகாது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்கு ஈரலும் கெடும்.

3. உடல் வறண்டிருப்பின் மருத்துவர் தோலின் கீழ் உப்புநீர் செலுத்துவார். வீட்டாரும் அம்முறையைக் கற்றுக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் மிகுந்தால் திடீரெனப் பார்வை போகுமாதலால் அதனையும் சோதிப்பித்தல் நலம்.

4. மனிதர்க்குரிய வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கலாகாது. அவற்றுள் பல மூத்திரப்பிண்டத்தைக் கெடுப்பன; பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது.

மாதம் ஒருமுறை பூனையை நிறுத்து எடையைக் குறித்து வைத்தல் நன்று. எடை குறையத் தொடங்கியவுடன் மருத்துவரை நாடினால், எஞ்சிய வடிகட்டிகளை நெடுநாள் காக்க இயலும்.