குறையே கூடாதா? பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டிய ஒரு பாடம்

எடுத்த காரியத்தைச் செவ்வனே முடிக்க வேண்டும் என்ற ஆர்வம் போற்றத்தக்கது. அதுவே, "இம்மியளவு குறையும் இருக்கக் கூடாது, இருந்தால் நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமாக மாறும்போது மனத்தை அரிக்கத் தொடங்குகிறது. இதனைப் பூரணத்துவ மனப்பான்மை எனலாம். முயற்சி உயர்ந்ததாக இருப்பதில் தீங்கு இல்லை. தம் மதிப்பே அதன் பலனில்தான் அடங்கியிருக்கிறது என்று நம்புவதுதான் தீங்கு.

நம் இல்லங்களில்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் 7 தாள்கள் இருந்தமையால், "7 ஏ" என்பது கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் குடும்பங்களில் ஒரு மந்திரச் சொல்லாகவே ஒலித்தது. 6 ஏ, 1 பி பெற்று வந்த பிள்ளையிடம், "அந்த ஒரு பி எப்படி வந்தது?" என்பதே பல வீடுகளில் முதல் கேள்வி. 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது, 2022இல் பி.டி.3 தேர்வும் நீங்கியது. ஆனால் கேள்வி மட்டும் நீங்கவில்லை. பள்ளிச் சோதனை, எஸ்.பி.எம்., பரதநாட்டிய மேடை, தேவாரப் போட்டி என்று அது பிள்ளையைத் தொடர்ந்து வருகிறது.

மூன்று வகை

கனடா நாட்டு உளவியல் அறிஞர்களான பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் இம்மனப்பான்மையை மூன்றாகப் பகுத்தனர். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது இரண்டாவது. "குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள்" என்று அஞ்சுவது மூன்றாவது. மனச்சோர்வுக்கும் நம்பிக்கையிழப்புக்கும் மிக நெருக்கமானது இந்த மூன்றாவதே. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 41,641 கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் வெளியானது. மூன்று வகையும் கூடிவந்துள்ளன என்றும், மிக அதிகமாகக் கூடியது மூன்றாம் வகையே என்றும் அது காட்டியது.

அடையாளங்கள்

எழுதியதைத் தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதும் பிள்ளை, சோதனைக்கு முதல் நாள் வயிற்றுவலி என்னும் பிள்ளை, தோற்றுவிடுவோமோ என்று புதிய விளையாட்டில் சேர மறுக்கும் பிள்ளை, மதிப்பெண் தாளை மறைக்கும் பிள்ளை ஆகியோரைக் கவனிக்க வேண்டும். இவர்களைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ கருதிவிடுகிறோம். பல வேளைகளில் உள்ளே இருப்பது பயம்.

பெரியவர்களிடம் இது வேறு உருவத்தில் தோன்றும். "நேரம் வந்தால் சரியாகச் செய்வேன்" என்று காரியத்தைத் தள்ளிப்போடுவார்கள். "யாரிடம் கொடுத்தாலும் உருப்படாது" என்று திருவிழா வேலை முழுவதையும் தம் தலையிலேயே சுமந்து, முடிவில் எல்லாரிடமும் சினம் கொள்வார்கள்.

என்ன செய்யலாம்?

1. கேள்வியை மாற்றுங்கள். மதிப்பெண் தாளைக் கண்டதும், "எது கடினமாக இருந்தது? எப்படிச் சமாளித்தாய்?" என்று கேளுங்கள். தவறுகளை அடுத்த நாள் அமைதியாகப் பார்க்கலாம்.

2. முயற்சியைப் பாராட்டுங்கள். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப்பின் எளிதில் தளர்ந்தனர். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றனர்.

3. அளவை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அறநிலையக் கணக்கில் ஒரு வெள்ளியும் பிசகக் கூடாது. நோயாளிக்குத் தரும் மருந்தின் அளவும் அப்படியே. அன்னதானப் பந்தலின் தோரணம் சற்றுக் கோணலாக இருந்தால் யார் பசியும் ஆறாமற் போகாது. எதற்கு எவ்வளவு கவனம் தேவை என்று பிரித்தறியப் பழக வேண்டும். வீட்டுப் பாடத்துக்கும் நேரம் குறித்து, நேரம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் செய்யுங்கள்.

4. பெற்றோரே வழிகாட்டுங்கள். குழம்பில் உப்புக் கூடினால், "கூடிவிட்டது, அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்" என்று அம்மா இயல்பாகச் சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளை, தவறு என்பது திருத்தக்கூடியது என்று அறிந்துகொள்ளும்.

5. உதவி நாடத் தயங்காதீர். உறக்கமும் உணவும் குறைந்து, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சு வந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. பள்ளி ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ உடனே காணுங்கள். பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசிச் சேவை கோலாலம்பூரில் 24 மணி நேரமும் உண்டு.

நம் வழிபாடு கற்பிப்பது

ஆலயத்தில் பூசை நிறைவுறும் வேளையை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக ஆகமம் பயின்ற குருக்களும், மந்திரத்திலோ கிரியையிலோ பக்தியிலோ நேர்ந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டி நிற்கிறார். குறை நேரும் என்பதை ஏற்றுக்கொண்டே நம் முன்னோர் வழிபாட்டை வகுத்தனர். அதனால் பூசை பயனற்றது என்று அவர்கள் எண்ணவில்லை. சந்நிதியில் நாம் வேண்டிப் பெறும் அந்தப் பொறுமையை, இல்லத்தில் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவோம். நமக்கு நாமே வழங்கிக்கொள்ளவும் பழகுவோம். அதற்கு இறையருள் துணை நிற்பதாக.