பிரெஞ்சு வினைச்சொற்களும் அசைப் பிரிப்பும்

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே போதும். 'நான்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. விகுதியே இடத்தையும் எண்ணையும் காட்டிவிடுகிறது. பிரெஞ்சு வினைகளுக்கும் விகுதிகள் உண்டு. ஆனால் அவற்றுள் பல தாளில் மட்டுமே வாழ்வன, நாவில் வருவதில்லை. இதனை அறியாது எழுத்தெல்லாம் ஒலிப்பதே புதிதாகப் பயில்வோர்க்கு நேரும் இடர்.

'பேசுதல்' எனப் பொருள்படும் 'பார்லே' என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களைக் காண்போம்.

நான் – ழெ பார்ல்
நீ – த்யு பார்ல்
அவன் – ஈல் பார்ல்
நாம் – நூ பார்-லோன்
நீங்கள் – வூ பார்-லே
அவர்கள் – ஈல் பார்ல்

வினையை மட்டும் நோக்கினால் நான்கு வடிவங்கள் ஓரசை, இரண்டு ஈரசை. 'நீ' வடிவின் இறுதியில் எஸ் என்ற எழுத்தும், 'அவர்கள்' வடிவின் இறுதியில் ஈ, என், டி என்ற மூன்று எழுத்துகளும் எழுதப்படுகின்றன, ஒன்றும் ஒலிப்பதில்லை. 'பார்லென்ட்' என்பது பிழை. 'லோன்' என்பதன் ஈற்றிலும் மூக்கொலி மட்டுமே உண்டு. நாநுனி அண்ணத்தைத் தொடலாகாது. விகுதி ஊமையாகிவிட்டதால், இடம் காட்டும் பணி முன்நிற்கும் 'ழெ', 'த்யு' முதலியவற்றைச் சார்கிறது. எனவே அவற்றை விட்டுப் பேசுதல் இயலாது.

அங்ஙனமாயின், 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் 'ஈல் பார்ல்' தானே? ஆம், இங்கே இடமறிந்தே பொருள் கொள்ள வேண்டும். ஆனால் வினை உயிரொலியில் தொடங்கினால் வேறுபாடு தோன்றும். 'எமே' என்பது நேசித்தல். அவன் நேசிக்கிறான்: ஈ-லெம். அவர்கள் நேசிக்கிறார்கள்: ஈல்-ஸெம். ஊமையாய் இருந்த எஸ், உயிரைக் கண்டதும் குரலதிர்வுடைய ஸகரமாக எழுந்து அடுத்த அசையில் ஏறுகிறது. நம் புணர்ச்சியில் மெய்யின்மேல் உயிர் ஏறுவதை அறிந்த மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

'ஃபினீர்' என்பது முடித்தல். அவன் முடிக்கிறான்: ஈல் ஃபி-நி. அவர்கள் முடிக்கிறார்கள்: ஈல் ஃபி-நிஸ். இங்கே ஈற்று மெய்யே பன்மையைக் காட்டுகிறது.

மனத்திற்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒலிக்கும் உயிர் எத்தனையோ, அசையும் அத்தனையே. இரண்டு உயிர்களுக்கிடையே வரும் தனி மெய் பின்னுள்ள உயிரோடே சேரும். புதிய வினை ஒன்றைக் கற்கும்போது ஆறு வடிவங்களையும் எழுதி, ஒலிக்காதவற்றின் கீழ்க் கோடிட்டு, உரக்கப் படித்துப் பழகுக. கண்ணை நம்பாது செவியை நம்புவோர்க்கே பிரெஞ்சு கைவரும்.