கல்லூரி உதவிப் பணமும் குடும்பக் கூரையும்

குடும்பம் என்றால் யார் யார்? ஒரே உலையில் சமைத்து உண்பவர்களா? பெற்றவர்களா? செலவுக்குப் பணம் தருபவர்களா? வீட்டிற்குள் இக்கேள்வி எழுவதே இல்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு மாணவி கல்லூரிப் படிப்புக்கு அரசின் உதவியை நாடும்போது இதுவே முதற் கேள்வியாக வந்து நிற்கிறது. அதற்கு அந்நாட்டுச் சட்டம் தரும் விடை நாம் எதிர்பார்ப்பது போல் இல்லை, தோழியரே!

அங்கே 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இவ்வுதவிகளுக்கு அடிப்படை. திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை 1972-இல் ஏற்பட்டு, 1980-இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரால் ‘பெல் உதவித்தொகை’ ஆயிற்று. 2024-25 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். இதைப் பெற ‘ஃபாஃப்சா’ என்னும் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மாணவியின் வருமானம், பெற்றோரின் வருமானம், சேமிப்பு ஆகியவற்றிலிருந்து ஓர் எண் கணக்கிடப்படும். எண் குறையக் குறைய உதவி கூடும். (மாணவர் விசாவில் செல்லும் வெளிநாட்டவருக்கு இவ்வுதவி கிடையாது. அங்கேயே குடியுரிமை பெற்ற நம்மவர் பிள்ளைகளுக்கு உண்டு.)

எனவே யாருடைய வருமானத்தை எழுதுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 24 வயது நிரம்பாத, மணமாகாத மாணவி பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவளாகவே கருதப்படுவாள். அவள் தனி அறை எடுத்துத் தங்கி, கடையில் வேலை செய்து, வாடகையைத் தானே கட்டினாலும் சரி, நிலை மாறாது. “நாங்கள் ஒரு காசும் தர மாட்டோம்” என்று பெற்றோர் கைவிரித்தாலும் மாறாது! பெற்றோர் விவரம் தர மறுத்தால் பெல் தொகை இல்லை. வட்டியுடன் கூடிய ஒருவகைக் கடன் மட்டும் கிடைக்கலாம். 13 வயதுக்குப் பின் பெற்றோர் இருவரையும் இழந்தவள், அரசின் வளர்ப்பு இல்லத்தில் இருந்தவள், தனக்கெனக் குழந்தையை வளர்ப்பவள் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு.

இங்கே நம் மனத்தை மிகவும் தொடுவது பாட்டியிடம் வளரும் பிள்ளையின் நிலை. ஒரு சிறுமியை ஐந்து வயது முதல் பாட்டி வளர்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். சோறு போட்டவள் அவள், காய்ச்சலில் விழித்திருந்தவள் அவள். ஆயினும் விண்ணப்பத்தில் பாட்டிக்கு இடமில்லை. சட்டப்படி தத்தெடுத்திருந்தால் மட்டுமே அவள் பெற்றோர் ஆவாள். நீதிமன்றம் அவளைச் சட்டப்படிக் காப்பாளராக நியமித்திருந்தால் பேத்தி தனித்து நிற்பவளாகக் கருதப்பட்டு, பெற்றோர் வருமானம் கேட்கப்பட மாட்டாது. வாய்ச்சொல்லால் ஏற்ற பொறுப்பு கணக்கில் சேராது. எத்தனை பாட்டிமார் நீதிமன்றப் படியேறியிருப்பார்கள்? இதைவிட வியப்பு ஒன்று: 2023-24 வரை, பேத்திக்காகப் பாட்டி தன் கையால் கட்டிய கட்டணம் அந்த மாணவியின் வருமானமாகச் சேர்க்கப்பட்டது. பாட்டியைக் காணாத விண்ணப்பத்துக்குப் பாட்டியின் பணம் மட்டும் கண்ணில் பட்டது! 2024-25 முதல் அக்கேள்வி நீக்கப்பட்டு விட்டது.

தாயும் தந்தையும் மணமுறிவு பெற்றுத் தனித்தனியே வாழ்ந்தால் ஒருவரின் விவரமே வேண்டும். முன்பு, கடந்த 12 மாதங்களில் எவருடன் மாணவி அதிக நாள் வாழ்ந்தாளோ அவரே அந்த ஒருவர். 2020 டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின்படி, 2024-25 முதல் எவர் அதிகப் பணம் தந்தாரோ அவரே. ஆகவே தாயின் வீட்டில் ஆண்டு முழுவதும் இருந்தாலும், தந்தையின் பணத்தால் பெரும்பாலான செலவு நடந்தால் தந்தையின் சம்பளமே கணக்கில் வரும். முந்தைய விதி நாள்களை எண்ணியது. இன்றைய விதி டாலரை எண்ணுகிறது. முந்தையதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும், வசதியுள்ளவர் ஒதுங்கிக் கொள்ள அது வழி விட்டது என்பாரும் உண்டு.

அந்தத் தாயோ தந்தையோ மறுமணம் செய்திருந்தால் மாற்றாந்தந்தை அல்லது மாற்றாந்தாயின் வருமானமும் சேரும். அவர் படிப்புக்கு உதவ மறுத்தாலும் சேரும். ஆனால் தாயுடன் மணமின்றி அதே வீட்டில் வாழும் வேற்று ஆடவரின் வருமானம் சேராது. மாணவியின் சொந்தத் தாய் தந்தையர் மணமுறிவு பெற்றும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் இருவர் வருமானமும் வேண்டும்.

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் பெற்றோரின் பங்கைப் பிரித்துக் கணக்கிடும் சலுகையும் 2024-25 முதல் மறைந்தது. தனியார் கல்லூரிகள் சில தம் சொந்த நிதிக்கு ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்னும் வேறு விண்ணப்பத்தையும் கேட்கின்றன. அவற்றுள் பல, பிரிந்து வாழும் மற்றப் பெற்றோரின் வருமானத்தையும் விடுவதில்லை.

கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கும், பெற்றோர் சிறையில் இருப்போருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. கல்லூரியின் நிதியுதவி அலுவலர், நீதிமன்றத் தாள்கள், சமூகப் பணியாளரின் கடிதம் முதலியவற்றைப் பார்த்து, மாணவியைத் தனித்து நிற்பவளாக ஏற்கலாம். இத்தகைய வேண்டுகோள்களை ஒட்டுமொத்தமாக மறுப்பது என்ற வழக்கத்தைக் கல்லூரிகள் வைத்துக் கொள்ளக் கூடாது எனப் புதிய சட்டம் கூறுகிறது. ஒருமுறை ஏற்கப்பட்டால், நிலைமை மாறாத வரை, அதே கல்லூரியில் அடுத்த ஆண்டுகளிலும் அது செல்லும். ஆண்டுதோறும் அவள் தன் துயரத்தை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.