ஓதம் வற்றினால் தெரியும் நிலம் யாருடையது?

ஓதங்கள் பாடத்தை நடத்தும்போது, "இதைப் படித்து என்ன பயன்?" என்று மாணவர் கேட்பதுண்டு. தென்சீனக் கடலின் ஸ்பிராட்லி தீவுக் கூட்டத்தில் உள்ள ஒரு பவளத்திட்டு அதற்கு விடை சொல்லும்.

பிலிப்பைன்ஸ் அதை 'அயுங்கின்' என்கிறது. சீனா 'ரென்ஆய்' என்கிறது. வியட்நாமும் தைவானும்கூட உரிமை கோருகின்றன. உயர் ஓதத்தில் திட்டு மூழ்கிவிடும். 1999இல் பிலிப்பைன்ஸ் 'சியரா மாத்ரே' என்ற பழைய போர்க்கப்பலை அங்கே வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. துருவேறிய அக்கப்பலில் இன்றும் வீரர்கள் காவல் இருக்கிறார்கள்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைக் கரும்பலகையில் மூன்று வரிகளாக எழுதலாம்:

1. மக்கள் வாழத்தக்க தீவு: 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம்.
2. உயர் ஓதத்திலும் மூழ்காத, ஆனால் வாழ்வுக்கோ பிழைப்புக்கோ உதவாத பாறை: 12 கடல் மைல்.
3. தாழ் ஓதத்தில் மட்டும் தலைகாட்டும், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பாலுள்ள திட்டு: தனக்கென எதுவும் இல்லை.

செயல்பாடு 1: 12, 200 கடல் மைல் ஆரமுள்ள வட்டங்களின் பரப்பைக் காணச் செய்க. முதலாவது சுமார் 452 சதுரக் கடல் மைல். இரண்டாவது சுமார் 1,25,664. ஏறத்தாழ 278 மடங்கு! அதிலுள்ள மீனும் எண்ணெயும் யாருக்கு என்பதே வழக்கு.

2016 ஜூலை 12 அன்று தி ஹேக் நடுவர் தீர்ப்பாயம், அயுங்கின் மூன்றாம் வகை என்றது. பலவான் தீவிலிருந்து 200 கடல் மைலுக்குள் இருப்பதால் பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்தில் அடங்கும் என்றது. ஸ்பிராட்லியின் வேறு திட்டுகளில் சீனா செயற்கைத் தீவுகள் அமைத்தது பவளங்களுக்குக் கடும் சேதம் விளைவித்ததாகவும் கூறியது. விசாரணையில் பங்கேற்காத சீனா தீர்ப்பை ஏற்கவில்லை.

செயல்பாடு 2: நான்கு நாடுகளுக்கு நான்கு குழுக்கள், நடுவராக ஒரு குழு. ஒவ்வொரு நாடும் தன் வாதத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். 'எங்கள் வரைபடத்தில் இருக்கிறது' என்று ஒரு குழு சொன்னால், அந்த வரைபடத்தை வரைந்தது யார் என்று நடுவர் குழு கேட்கட்டும். எந்த நாடு நல்லது என்ற பேச்சாக வகுப்பு திசைமாறாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பீடு: மணல் கொட்டி உயர்த்திய திட்டு, சட்டப்படி தீவாகுமா? 'தீவு' என்பதற்கு அவ்வுடன்படிக்கை தரும் வரையறையில் 'இயற்கையாக உருவான' என்ற சொற்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு மாணவரே விடை காணட்டும்.